மாயாண்டி அண்ணன் பெயரில் வந்த பார்சல்

எனக்கு முன்னால் பிறந்து எனக்கு முன்னால் போய்விட்ட மாயாண்டி அண்ணனுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. கோச்சடையில் எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. சீமைச் சண்டையைக் காரணம் காட்டிச் சிம்மக்கல் கடையில் போட்டோ பிடிக்கிற கண்ணாடிப் பிளேட்டை யானை விலை சொல்கிறார்கள். இதையெல்லாம் சொல்வதற்காக இந்தக் கடிதம் எழுதவில்லை. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்னால் நீ திண்டுக்கல் ஸ்டேஷனுக்குப் போயிருந்தாயா?

உனக்குத் தெரிந்த கதையை, இதை எடுத்துப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். போட்டோ பிடிக்கக் கற்றுக்கொள்ள நம் பக்கத்தில் பள்ளிக்கூடமா இருக்கிறது? ஸ்டுடியோக்காரரிடம் போய்க் கேட்டால் இருட்டறைக் கதவைச் சாத்திக்கொள்வார். அதனால்தான் ஆறு ஊரிலிருந்து நீங்கள் ஆறு பேர் சேர்ந்து சுற்றுப் பார்சல் ஆரம்பித்தீர்கள். ஆளுக்கொரு படம், கூடவே ஒரு நோட்டு. பார்சல் தபாலில் ஊர் ஊராகப் போகும். மற்றவர் படத்தில் உள்ள குற்றத்தை ஒளிக்காமல் நோட்டில் எழுத வேண்டும். புது மருந்துக் கலவை, பிளேட் கிடைக்கும் கடை, சீமைப் பத்திரிகையில் படித்தது எல்லாம் அதிலேயே எழுதிக்கொள்வீர்கள். ஒருவரை ஒருவர் நேரில் பார்க்கக் கூடாது, தன் முகத்தைப் படமாகவும் அனுப்பக் கூடாது என்பது விதி. முகத்தைப் பார்த்தால் தாட்சண்யம் வந்துவிடும், குற்றம் சொல்ல வாய் வராது என்பாய்.

நீ படம் பிடிப்பாய், நெல் குதிர் இருக்கும் அறையில் நான் பிளேட்டை மருந்தில் கழுவிப் படம் வரவைப்பேன். நோட்டு வந்தால் உனக்கு முன்னால் நான்தான் படித்து முடிப்பேன். மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு அதுதான் பள்ளிக்கூடமாக இருந்தது.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் தபால்காரர் வந்தார். கையில் அதே பார்சல்.

"அண்ணன் பேருக்கு வந்திருக்கு தாயி. ஆள் இல்லேன்னு எழுதித் திருப்பி விட்டுரவா?"

"வேண்டாம், குடுங்க. நான் வாங்கிக்கிறேன்."

அப்படித்தான் அண்ணே திருடியானேன். திருப்பி அனுப்பினால் நீ செத்த சேதி போயிருக்கும், எனக்கு நோட்டும் போயிருக்கும். ஒரு பொம்பளையை அவர்கள் சேர்த்துக்கொள்வார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வைகை மணலில் துணி காயப்போட்டிருந்ததைப் படம் பிடித்து, உன் எழுத்து மாதிரியே எழுதி, உன் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

அடுத்த சுற்றில் விருதுநகர்க்காரர் எழுதியிருந்தார்: "மாயாண்டி, படம் ஆடியிருக்கிறது. காய்ச்சல் என்றீர்களே, உடம்பு தேவலையா?"

நான் "தேவலை" என்று எழுதினேன். எழுதிவிட்டு நிமிர்ந்தால் சுவரில் உன் சட்டை தொங்குகிறது. எந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனதோ, அந்தக் காய்ச்சல் தேவலை என்று நீயே சொன்ன மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. ருசி கண்ட பூனை நான். மூன்று சுற்று அப்படியே போயிற்று.

போன வாரம் பார்சல் வந்தது. சுற்றில் இருக்கும் நம் திண்டுக்கல் சவரிமுத்து அண்ணன் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். பட்டப்பகலில் பிளாட்பாரத்தில் கேமராவை வைத்துக்கொண்டு நின்றாராம். பெஞ்சியில் உட்கார்ந்திருந்த ஒருவர், "அண்ணே, ஒரு சாண் கீழ எறக்குங்க" என்றாராம். யாரென்று கேட்டதற்கு, "கோச்சடை மாயாண்டி" என்று பதில். விதி போனால் போகிறது என்று இருவரும் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். எந்த வண்டிக்குக் காத்திருக்கிறீர்கள் என்றாராம் சவரிமுத்து அண்ணன். அதற்கு அந்த ஆள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்:

"இப்ப எல்லாம் என் தங்கச்சிதான் நோட்டுல எழுதுது. அது எப்பத் தன் பேரைப் போடுதோ, அப்பக் கிளம்பிருவேன். அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்."

அதற்குக் கீழே மற்ற நான்கு பேரும் எழுதியிருக்கிறார்கள். "தங்கச்சி, இம்புட்டு நாள் ஏன் ஒளிஞ்சிருந்தே? அடுத்த படம் உன் பேரிலேயே வரட்டும்" என்கிறார் பழனிக்காரர். நீ உயிரோடு இருப்பதாகத்தான் அவர்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் எழுதுவது இந்த வீட்டுச் சுவருக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அப்படியிருக்க அந்த ஆளுக்கு யார் சொன்னது? அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அழுவாள் என்று பார்த்தேன். முழங்காலைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"ஸ்டேஷன் வரைக்கும் வந்தவன் வீட்டுக்கு ஏன்டி வரல? சாப்பிட்டானான்னு எழுதிக் கேளு."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சவரிமுத்து அண்ணன் அந்த ஆளை ஒரு படம் எடுத்திருக்கிறார். முகம் சுற்றில் போகக் கூடாதல்லவா? அதனால் பிளேட்டைக் கழுவாமலேயே கறுப்புத் தாளில் சுற்றித் தகர டப்பாவில் தனியாக எனக்கு அனுப்பியிருந்தார். "உன் அண்ணன். நீயே கழுவிக்கொள்" என்று ஒரு சீட்டு.

நேற்று மத்தியானம் குதிர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கழுவினேன். அவசரத்தில் மருந்து பாதி தரையில். சிவப்பு விளக்கில் முதலில் பெஞ்சி வந்தது. பிறகு வேட்டி, பிறகு முழங்கால்மேல் வைத்த கை. முகம் மட்டும், படம் எடுக்கும்போது திரும்பியதால், கலைந்திருந்தது. பிளேட்டில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தெரியும் என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தும், கறுத்துப்போன அந்த வேட்டியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டேன். விரல் நகங்கள் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன. அப்படியென்றால் அவை உண்மையில் கறுத்த நகங்கள். மருந்தில் கை விடுகிற எவருக்கும் நகம் அப்படித்தான் கறுக்கும். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. அது நீதானா அண்ணே? இல்லை, நம் நோட்டை எங்கேயோ படித்த வேறு யாராவதா?

அந்தப் பிளேட்டைக் காகிதத்தில் அச்சடிக்க எனக்கு மனசு வரவில்லை. குதிருக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

இப்போது நோட்டு என் முன்னால் திறந்து கிடக்கிறது. உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன். நீ பங்குனியிலேயே இறந்துபோனதையும், அதற்குப் பிறகு வந்த மூன்று படமும் என்னுடையவை என்பதையும், சவரிமுத்து அண்ணன் பயப்பட வேண்டாம் என்பதையும். அவர்கள் என்னைத் தள்ளிவைத்தாலும் வைக்கட்டும். அந்தப் பயம் பெரிதில்லை. கீழே பெயர் போட வேண்டிய இடம்தான் காலையிலிருந்து காலியாக இருக்கிறது. போட்டால் நீ கிளம்பிவிடுவாய். போடாவிட்டால் அந்த பெஞ்சியிலேயே இருப்பாய். உன்னை அங்கேயே வைத்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது அண்ணே. பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப ஆசையாக இருக்கிறது.

அம்மா கேட்டதைக் கேட்டுவிடுகிறேன். சாப்பிட்டாயா?

உன் கேமராவைத் தூசி படிய விடமாட்டேன். என் குற்றத்தை யார் சொன்னாலும் கேட்டுக்கொள்வேன், அடுத்தவர் குற்றத்தைத் தாட்சண்யம் பார்க்காமல் சொல்வேன். இது சத்தியம். நோட்டில் இப்போது போடுகிற என் கையெழுத்தையே இங்கேயும் போடுகிறேன். பார்த்துப் போ.

உன் உடன்பிறந்த தங்கச்சி,
பேச்சியம்மாள்