ஒரு குடும்பம் என்று எழுதினார்கள்

கொட்டாஞ்சேனை,
புதன்கிழமை.

அன்புள்ள எவ்லின்,

மாதா உமக்குத் துணையாக இருப்பாளாக. நான் சுகம். சீனி வருத்தம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதை யோசிக்க வேண்டாம். டில்ஷானி லீவு முடிந்து ஞாயிறு மிலானோவுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் கதைக்கலாமே என்பீர். நான் விஷயத்துக்கு வருவதற்குள் நீர் பார்த்துக்கொள்ளும் அந்தக் கிழவி கூப்பிட்டுவிடுகிறாள். அவளுக்கு என்மேல் என்ன கோபமோ!

வீட்டு விஷயம் முடிவாகிவிட்டது. மேம்பாலப் பாதைக்கு நம்முடைய ஒழுங்கை வீடுகள் முழுவதையும் அரசாங்கம் எடுக்கிறது. மூன்று மொழியிலும் அறிவித்தல் ஒட்டி, வாசல் சுவரில் சிவப்புப் பெயின்றால் இலக்கம் போட்டுவிட்டார்கள். பாதை துறைமுகத்துக்குத்தான் போகிறதாம். இவ்வளவு காலம் நான் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனேன், இப்போது துறைமுகம் என்னைத் தேடி வருகிறது என்று பக்கத்து வீட்டு நாகேந்திரத்திடம் சொன்னேன். மனிதர் சிரிக்கவே இல்லை.

விலை மதிக்க இரண்டு பேர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். மேல் அறைக்கு மாநகர சபை அனுமதி எடுக்கவில்லை, அதற்கு நட்டஈடு கிடைப்பது சந்தேகம் என்றார்கள். இங்கே யார் படுப்பது என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றேன். நீர் அனுப்பிய காசில், நீர் அனுப்பிய படத்தைப் பார்த்து, ஜன்னல்கூட அந்த ஊர் மாதிரி வைத்தேன். கட்டிய நாளிலிருந்து பூட்டித்தான் கிடக்கிறது.

பிறகு குடும்பக் கணக்கெடுப்பு. காசு வேண்டாம் என்பவர்களுக்குக் குடும்பத்துக்கு ஒரு மாடிவீடு தருவார்களாம். ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பமாம். நாகேந்திரம் உடனே ஹோலில் இன்னொரு காஸ் குக்கரை வைத்து, மகன் கிஷாந்த் வேறு சமையல் என்று எழுதிவிட்டார். எனக்கும் ஒரு யோசனை சொன்னார். மனுசி பிரிஞ்சு போயிட்டா எண்டு சொல்லும் றேமண்ட், ரெண்டு குடும்பம் ஆகிடும், இவ்வளவு வருஷமா வராத மனுசிக்கு அது பொய்யும் இல்லைத்தானே என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவர் தந்த தேத்தண்ணியைக் குடிக்காமலே வந்துவிட்டேன்.

போன கிழமை பிரதேச செயலகத்தில் விசாரணை. ஒரு சிங்களப் பிள்ளை, நல்ல மரியாதையான பிள்ளை, வீட்டு உறுதிப் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது எவ்லினுடைய வீடு, நீங்கள் யார் என்று கேட்டாள். உமது அம்மா சீதனமாகத் தந்த வீடு, உமது பெயரில்தானே உறுதி. புருஷன் என்றேன். என்னைக் 'குடியிருப்பவர்' என்று பதிந்தாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து இருக்கிற வீடு, எவ்லின். வாடகைக்கு வந்தவன் மாதிரி நின்றேன்.

பிறகு, பிரிந்துவிட்டீர்களா என்று கேட்டாள். பின்னால் நின்ற நாகேந்திரம் செருமினார். நான், இல்லை மிஸ், வேலைக்குப் போயிருக்கிறா, வருவா என்றேன். அவள் ஒரு குடும்பம் என்று எழுதினாள். திரும்பி வரும் பஸ்ஸில் நாகேந்திரம் என்னை அரிச்சந்திரனுக்குத் தம்பி என்று ஏசிக்கொண்டே வந்தார்.

அங்கே நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், சொன்னது உண்மைதானா என்று யோசனை வந்துவிட்டது. உமது அம்மாவின் அடக்கத்துக்கு வந்துபோன பிறகு நீர் வரவில்லை. அடுத்த நத்தார்ப் பண்டிகைக்கு, அடுத்த நத்தாருக்கு என்கிறீர். நானும் கேட்பதை விட்டுவிட்டேன். நமக்குப் பிள்ளைகள் இருந்திருந்தால் அவர்களைச் சாட்டியாவது கூப்பிட்டிருப்பேன். தனிமையாக இருக்கிறது எவ்லின், இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

நத்தாருக்கு முன் உரிமையாளர் நேரில் வந்து கையொப்பம் வைக்க வேண்டும். அல்லது எனக்கு அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்ப வேண்டும், உமக்காக நான் கையொப்பம் வைக்கலாம். இரண்டும் இல்லாவிட்டால் நட்டஈட்டை நீதிமன்றத்தில் கட்டிவிடுவார்கள். மிலானோவில் நம் நாட்டு அலுவலகத்தில் அற்றோணி எழுதுவது ஒரு காலை வேலைதானாம், டில்ஷானி சொல்கிறாள். நீர் அந்தக் கிழவியிடம் லீவுகூடக் கேட்கத் தேவையில்லை.

அதை அனுப்பினால், சொன்ன இடத்தில் கையொப்பம் வைத்து, வருகிற காசை உமது பெயரிலேயே வங்கியில் போடுவேன். ஒரு சதமும் தொடமாட்டேன். ஹெந்தளையில் தங்கச்சி டோரின் வீட்டில் எனக்கு ஓர் அறை இருக்கிறது. உம்மிடம் ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன். அந்தப் பிள்ளையிடம் நான் சொன்னது பொய் என்று மட்டும் விளங்கிக்கொள்வேன்.

குளிருக்கு நெஞ்சை மூடிக்கொண்டு வேலைக்குப் போம். ஆண்டவர் உமது போக்கையும் வரவையும் காப்பாராக. அற்றோணி அனுப்ப வேண்டாம் எவ்லின். நீர் வாரும்.

உமது கணவன்,
றேமண்ட்