நீந்தக் கற்க விரும்புதல்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் மறைப் பாடல்கள் ஓதுதல் வழக்கம்போல் நிறைவுற்றது.

மாலையில் ஆங்கில வகுப்புக்கு முதல் நாள். நூலகத்தின் மாடியறை; நீண்ட மேசை, ஆடும் நாற்காலிகள், ஒரு வெள்ளைப் பலகை. இது மகளின் ஏற்பாடு. "மாப்பிள்ளையோட இன்னும் எத்தனை நாளைக்கு ரெண்டு பேரும் கையை ஆட்டியே பேசுவீங்க?" என்றாள். அவருக்குத் தமிழ் வராது. அவர் வீட்டில்தான் எங்கள் வாசம். கேள்வி நியாயமானது. நானும் என் மனைவியும் சென்றோம். எங்களைத் தவிர ஒரு டாக்ஸி ஓட்டுநர், தையற்கடைப் பெண் ஒருத்தி, இன்னும் சிலர். ஆசிரியை தமிழிலேயே விளக்குகிறார்.

இன்றைய பாடம் இது. ஆங்கிலத்தில் சில வினைகளை அடுத்து 'டு' என்னும் சிறு சொல் வரும். அதன்பின் இன்னொரு வினை வரும். வான்ட் டு கோ. ஹோப் டு சீ. ரெஃப்யூஸ் டு ஈட், அதாவது உண்ண மறுத்தல். அந்த இரண்டாம் வினை காலம் காட்டாது. செய்பவர் யார் என்றும் காட்டாது. நம் 'செய' என்னும் வாய்பாட்டு எச்சத்தை இது ஒத்திருக்கிறது என்றேன்.

"பெரியவரே, அதை எங்களுக்கும் சேர்த்து நீங்களே தெரிஞ்சு வச்சுக்குங்க" என்றார் டாக்ஸிக்காரர். அனைவரும் சிரித்தனர். என் மனைவியும் சிரித்தாள்.

ஒரு வேறுபாடு கருதத் தக்கது. நாம் 'போக விரும்புகிறேன்' என்கிறோம். செயல் முன்னே செல்ல, விருப்பம் தயங்கிப் பின்னே வருகிறது. அவர்களோ விருப்பத்தை முதலில் வாசலில் நிறுத்திவிட்டு, அதன் பிறகே செயலை அழைக்கிறார்கள்.

ஜூன் 6, வெள்ளி

திருமடத்து முதியோர் இல்லத்திலிருந்து தொலைபேசி. தம்பதியர் தங்கும் அறை ஒன்று ஒழிகிறதாம். ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே, விடியலிலும் அந்தியிலும் கூடியிருந்து ஓதும் இடம். அஞ்சலகத்திலிருந்து ஓய்வுபெற்ற நாள்முதல் இந்த அழைப்புக்கே காத்திருந்தேன். மாத இறுதிக்குள் உறுதி சொல்ல வேண்டும்.

உணவு வேளையில் மனைவியிடம் தெரிவித்தேன். "ம்" என்றாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றாள்.

அவளுடைய 'ம்' இசைவைக் குறிப்பது. மணமான நாள்முதல் அப்படித்தான் கொண்டிருக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஒவ்வொருவரும் எழுந்து தம்மைப் பற்றி வாக்கியம் சொல்ல வேண்டும் என்றார் ஆசிரியை. டாக்ஸிக்காரர் தொடங்கினார்: "ஐ ரெஃப்யூஸ் டு டிரைவ் மை பிரதர்-இன்-லா." ஏன் என்று கேட்டதற்கு, "மச்சான் வண்டியில ஏறினா ஸ்டியரிங்கை மட்டும்தான் எங்கிட்ட விடுவான், டீச்சர். மத்ததெல்லாம் அவன்தான் ஓட்டுவான்" என்றார்.

நான், "ஐ ஹோப் டு லிவ் இன் பீஸ்" என்றேன். பிழையில்லை என்று பாராட்டு.

அடுத்து என் மனைவி எழுந்தாள். "ஐ வான்ட் டு லேர்ன் டு ஸ்விம்."

"அருமைம்மா. ஒரே வாக்கியத்துல ரெண்டு தடவை 'டு' வந்துடுச்சு, பாருங்க" என்றார் ஆசிரியை. அவள் உட்காரவில்லை. ஒருவரும் கேளாமலே இன்னொன்று சொன்னாள்: "ஐ ரெஃப்யூஸ் டு கோ டு தட் ரூம்."

"எந்த ரூம்மா?"

"அவருக்குத் தெரியும்."

அமர்ந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்து மூடினாள். தையற்கடைப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்; டாக்ஸிக்காரர் பலகையைப் பார்த்தார்.

திரும்பும் வழியில் விளக்கம் கேட்டேன். "பயிற்சிக்குச் சொன்ன வாக்கியம்தானே" என்றாள். நகராட்சி நீச்சல் குளத்தின் கண்ணாடிச் சுவரைக் கடந்தபோது மட்டும் அவள் நடை சற்றுத் தளர்ந்தது.

ஜூன் 11, புதன்

பயிற்சி வாக்கியமா?

ஜூன் 17, செவ்வாய்

ஆசிரியை இன்று நுட்பமான ஒன்றைச் சொன்னார். விரும்புதல், நம்புதல், வாக்களித்தல் முதலிய வினைகள் மனத்தின் நிலையை மட்டுமே உரைக்கும். பின்வரும் செயல் நடந்ததா என்பதற்கு அவை பொறுப்பேற்கா. வருவதாக வாக்களித்தான் என்றால் வந்தான் என்றாகாது. 'மேனேஜ் டு' என்பதோ வேறு வகை. 'மேனேஜ்டு டு' என்றால் செயல் முடிந்துவிட்டது, எப்பாடுபட்டோ முடிந்தது என்று பொருள்.

வீட்டில் அவளிடம் நேராகக் கேட்டேன். வர விருப்பமில்லையென்றால் என்னிடமே சொல்லக்கூடாதா? நாலு பேருக்கு முன்னால், அதுவும் ஆங்கிலத்தில் ஏன்?

கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "தமிழ்ல சொன்னா நீங்க ஒரு பாட்டு சொல்வீங்க. அப்புறம் அதுக்குப் பதவுரை. அப்புறம் விரிவுரை. அது முடியறதுக்குள்ள நான் என்ன கேட்டேங்கிறதே எனக்கு மறந்துடும். இங்கிலீஷ்ல உங்களுக்குப் பாட்டு தெரியாதே."

மறுமொழியாக ஒரு பாட்டு நாவரை வந்தது. நிறுத்திக்கொண்டேன்.

ஜூன் 20, வெள்ளி

நிறுத்தியதை இன்று சொல்லிவிட்டேன். பிறவி ஒரு கடல். அதை நீந்திக் கரையேறுவதே மறை முழுவதற்கும் பொருள். அதற்கான வாழ்நாளில் எஞ்சியிருப்பது சிறிது. அப்படியிருக்க இந்தக் குளம் எதற்கு என்று முறையாக எடுத்துரைத்தேன். கொடியில் துணி உலர்த்தியபடி முழுவதும் கேட்டாள்.

"சரி. நீங்க பாட்டுல நீந்துங்க. நான் தண்ணியில நீந்துறேன்."

இந்த வயசுல நீச்சலாம். என்ன உடுப்பு போட்டுக்குவா? யார் யாரெல்லாம் இருப்பாங்க அங்கே? வழுக்கி விழுந்தா? யோசிச்சாளா இதையெல்லாம்? — போதும். அமைதியில்லாமல் எழுதுகிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

அவள் ஏற்கெனவே சேர்ந்துவிட்டாள்.

மகள் சொல்லித்தான் தெரிந்தது. போன ஞாயிறும் இன்றும், நான் ஓத உட்காரும் நேரத்தில், மகள் காரில் கொண்டுபோய் விட்டிருக்கிறாள். உடம்பு முழுக்க மூடும் உடுப்பு, முழுக்கை. அதையும் மகளே வாங்கித் தந்திருக்கிறாள். ஈரத் தலையோடு அவள் எனக்குக் காபி கொண்டுவந்து வைத்ததைக் கண்டிருக்கிறேன். குளித்திருக்கிறாள் என்று எண்ணினேன். அவ்வளவு தூரம்தான் என் பார்வை சென்றது.

"அம்மா தண்ணிக்குள்ள முகத்தை வச்சுட்டாப்பா" என்றாள் மகள், தன் குழந்தையைச் சொல்வதுபோல.

ஜூன் 30, திங்கள்

இல்லத்து மேலாளர் அழைத்தார். "ரெண்டு பேரா, ஐயா? இல்ல, நீங்க மட்டுமா? தனியறையும் ஒண்ணு இருக்கு."

தனியறை என்ற எண்ணம் அதுவரை எனக்கு எழவில்லை. பிறகு பேசுவதாகச் சொல்லி வைத்தேன். அடுக்களைக்குச் சென்று, நான் மட்டும் போனால் என்ன என்று கேட்டேன்.

அவள் அடுப்பைத் தணித்தாள். "போங்க. உங்க ஆசை அது. நான் குறுக்கே நிக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கிறேன். குளத்துலேர்ந்து வரணும், கொஞ்சம் லேட்டாகும்."

கோபம் இல்லை. நகைப்பும் இல்லை. மேலும் சொன்னாள்: "மாத்திரை டப்பாவை மட்டும் நீங்களே நிரப்பப் பழகிக்குங்க."

மாலையில் மேலாளரை நானே அழைத்தேன். இரண்டு அறைகளையும் பிறருக்குத் தருமாறு சொன்னேன். காரணம் கேட்டார். என்னிடம் செய்யுள் வடிவில் காரணம் எதுவும் இல்லை.

அவளிடம் இதைச் சொல்லவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

சென்ற வாரம் ஆசிரியைக்குக் காய்ச்சல், வகுப்பு இல்லை. இன்று மீண்டும் வாக்கியப் பயிற்சி. என் முறை வந்தபோது எழுந்து நின்றேன்.

"ஐ டிசைடட் டு ஸ்டே."

"நல்லது. எங்க, ஐயா?"

"அவளுக்குத் தெரியும்."

டாக்ஸிக்காரர் மேசையை மெல்லத் தட்டினார். என் மனைவி நிமிரவில்லை. கண்ணாடியைக் கழற்றினாள், துடைத்தாள், மறுபடி அணிந்துகொண்டாள். வீடு திரும்பும்போது, குளத்தின் கண்ணாடிச் சுவரருகே இருவருமே நின்றோம்.

ஜூலை 11, வெள்ளி

மாத்திரை டப்பாவை நானே நிரப்பினேன். ஒரு நாளுக்குரிய கட்டம் தவறிவிட்டது. அவள் சரிசெய்தாள்.

ஜூலை 20, ஞாயிறு

இன்றைய ஓதல் மாலைக்கு மாற்றப்பட்டது.

காலையில் குளத்தருகே பெஞ்சில் அமர்ந்திருந்தேன். மடியில் அவள் துண்டு. குளத்து நீரில் கலந்த மருந்தின் நெடி, எதிரொலிக்கும் கூச்சல், ஈரத் தரை. நான் அஞ்சியதுபோல் என்னை ஒருவரும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. அவரவர்க்கு அவரவர் மூச்சே பெரும்பாடாக இருந்தது.

அவள் சுவரை உதைத்துக் கிளம்பினாள். பாதியில் தலை அமிழ்ந்தது. எழுந்துவிட்டேன். பயிற்சி தரும் பெண் கையமர்த்தினாள். தலை மேலே வந்தது, கை வந்தது, பிறகு மறு கை. எதிர்க்கரையைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் இருமினாள். ஷி மேனேஜ்டு டு கிராஸ். முடிந்த செயலுக்கு உரிய வினை.

திரும்பி என்னைத் தேடினாள். "அங்க நின்னுக்கிட்டு மனசுக்குள்ள என்ன பாட்டு ஓடுது? வந்து காலை வைங்க."

வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு படியில் இறங்கினேன். அவள் கேட்டதற்கு உண்மையான விடை: ஒரு பாட்டும் ஓடவில்லை. தண்ணீர் குளிர்ந்திருந்தது. அடுத்த படியிலும் காலை வைத்தேன்.