கழித்தல் அடுக்கு

நவம்பர் 9, குண்டூர்
ஐம்பத்திரண்டு விடைத்தாள்கள். 1/x³-ஐ வகையிட வேண்டும். அதாவது x⁻³. அடுக்கை முன்னால் இறக்கி, அடுக்கில் ஒன்றைக் கழித்தால் −3x⁻⁴. ஐம்பத்தோரு பேர் −3x⁻² என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. துறைத்தலைவர் கொண்டல்ராவின் குறுக்குவழிப் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது: 'குறியை மற, எண்ணில் ஒன்று குறை, குறியை ஒட்டு.' விடைக்குறிப்பிலும் அதேதான்.

ஹைமவதி மட்டும் சரியாக எழுதியிருக்கிறாள். விடைக்குறிப்புப்படி அவளுக்குச் சுழி.

நவம்பர் 10
கொண்டல்ராவிடம் போனேன்.
"புத்தகம் நாலாயிரம் அச்சாயிடுச்சும்மா. நான் தப்புன்னு ஊரெல்லாம் சொல்லட்டுமா? ரெண்டு மார்க்தானே!"
"அந்த ரெண்டு மார்க்குல அவ முதல் செக்‌ஷன்லேருந்து இறங்கிடுவா சார்."
"மார்ச்சுலதானே உங்க வேலை நிரந்தரம் ஆகுது, வசுந்தராம்மா?"
டீ வரவழைத்தார். அதையும் குடித்துத் தொலைத்தேன்.

நவம்பர் 11
மார்க் வரிசைப்படி செக்‌ஷன் பட்டியல் ஒட்டியாயிற்று. ஹைமவதி மூன்றாவது செக்‌ஷன். செக்‌ஷன் மாறினால் விடுதியில் அறையும் மாறும். டிரங்குப் பெட்டியையும் மெத்தையையும் தானே சுமந்துகொண்டு முற்றத்தைக் கடந்தாள். "ஏய் கலெக்டரம்மா, கூலி வேணுமா?" என்று மாடியிலிருந்து ஒருத்தி கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நவம்பர் 12
ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டாள்.
"மேடம், நான் எழுதினது தப்பா? ரெண்டு மூணு விதமா போட்டுப் பார்த்துட்டேன். நாலுதான் வருது."
கொண்டல்ராவ் எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைப் புரட்டவேயில்லை.
"விடைக்குறிப்புல இருக்கிறதுதாம்மா சரி," என்றேன்.
"சரி மேடம். நீங்க சொன்னா சரிதான்."
அழுதிருந்தாலாவது பரவாயில்லை. தலையாட்டிவிட்டுப் போனாள். ச்சீ, என்ன ஜென்மம் நான்! வெளியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா? வாயில என்ன, கொழுக்கட்டையா இருந்துச்சு?

நவம்பர் 15
சொல்லவில்லை. இன்றும்.

நவம்பர் 19
புத்தகத்துக்குப் புதுப் பதிப்பு. அந்தப் பக்கத்தைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டார். முதல் செக்‌ஷனுக்கு மட்டும் கொடுத்து, வகுப்பிலும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மற்றவர்களுக்குப் பழையது தீரட்டுமாம்.

நவம்பர் 23
அடுத்த தேர்வு. கேள்வி 1/x⁵. முதல் செக்‌ஷனில் அத்தனை பேரும் சரி.

ஹைமவதியின் தாள் கடைசியில் வந்தது. முதலில் −5x⁻⁶ என்று எழுதியிருக்கிறாள். அதன்மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. பக்கத்தில், அழகான கையெழுத்தில், −5x⁻⁴.

இந்தத் தடவை விடைக்குறிப்பு சரியாக இருக்கிறது. சுழி போட்டேன்.