வெள்ளிக்கிழமை மட்டும் மாட்டிய சைடு வீல்

என் தம்பி சாதிக், என் சட்டையெல்லாம் கேட்காமலே எடுத்துப் போட்டுக்கொண்டவனே, உனக்கு உன் அண்ணனின் ஸலாம்.

நீ மௌத்தாகி ஏழு மாதம் ஆகிறது. லீவில் வந்ததிலிருந்து உன் கபுருக்கு மூன்று முறை வந்துவிட்டேன். முதல் முறை அழுதேன். மற்ற இரண்டு முறையும் சண்டை போடத்தான் வந்தேன். பக்கத்தில் ஆட்கள் நின்றதால் துஆ மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினேன். அதனால்தான் இந்தக் கடிதம். ஊரே படிக்கட்டும், எனக்கென்ன.

உன் மேல் எனக்குப் பொறாமை. செத்துப்போன தம்பி மேல் பொறாமைப்படுகிற அண்ணன் லெப்பைக்குடிக்காட்டிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

நம்மூரில் பாதிக் காரியம் "அத்தா வரட்டும்" என்று நிற்கும். காது குத்து நிற்கும், வெள்ளையடிப்பு நிற்கும். வளைகுடாவிலிருந்து ஆள் வந்து இறங்கினால்தான் நடக்கும். ஆனால் பிள்ளைகள் நிற்கிறார்களா? என் மகள் நஸ்ரின் பிறந்ததைப் போனில் பார்த்தேன். நடந்ததையும் போனில்தான். முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு அழுதுகொண்டே போனதை, நீ பின்னாலேயே ஓடி எடுத்த வீடியோவில் பார்த்தேன்.

அதனால்தான் அவளுக்கு ஆறு வயதில் சைக்கிள் வாங்கும்போது ஒன்றே ஒன்று கேட்டேன். நீ பெரம்பலூர் கடையில் நின்றுகொண்டு போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினாய், நான் சிவப்பு என்றேன். "சைடு வீல மட்டும் நான் வந்துதான் கழட்டுவேன், யாரும் கை வைக்கக் கூடாது" என்றேன். "சரிண்ணே, நீயே வந்து கழட்டு" என்றாய். வாய் கூசாமல் சொன்னாய்.

வந்தேன். நீ இல்லாத வீட்டில் நான் ஆசையாகச் செய்ய மிச்சமிருந்தது அது ஒன்றுதான். ஸ்பேனரை எடுத்தேன். இரண்டரை வருடமாக இறுகிக் கிடந்த நட்டு துருப்பிடித்திருக்க வேண்டும், அதுவோ தொட்டதும் சுற்றிக்கொண்டு வந்தது. நல்ல சைக்கிள் என்று நினைத்துக்கொண்டேன், மடையன். ஈத்கா திடலுக்குக் கூட்டிப்போய், சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். இப்படிச் சாய்ந்தாள், அப்படிச் சாய்ந்தாள், ஒருமுறை விழக்கூடச் செய்தாள். அரை மணி நேரத்தில் ஓட்டிவிட்டாள். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் படவில்லை.

மறுநாள் டீக்கடையில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். "அரை மணி நேரந்தான் பாய். எம்புள்ள கத்துக்கிட்டா."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எந்தப் புள்ள? ரெண்டு வருசமா திடல்ல கைய வுட்டுட்டு ஓட்டுமே, அந்தப் பாப்பாவா?"

டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே நஸ்ரின் அழ ஆரம்பித்துவிட்டாள். எல்லாம் வெளியே வந்தது. தெருப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்று வாங்கிய மூன்றாம் மாதமே கழட்டிவிட்டாயாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நான் வீடியோ காலில் வருவேன் அல்லவா, அதற்கு முன்னால் மறுபடி மாட்டுவாயாம். நான் போனை வைத்ததும் கழட்டுவாயாம். ஒவ்வொரு வாரமும்.

"சாச்சா சத்தியம் வாங்கிட்டாரு அத்தா. நீங்க வந்து கழட்டுறப்ப தெரியாத மாதிரி ஓட்டணும்னாரு. எப்புடி விழணும்னும் சொல்லிக் குடுத்தாரு."

சாச்சா போன பிறகு யார் மாட்டினது என்று கேட்டேன். "நானேதான்" என்றாள். எட்டு வயதுப் பிள்ளை, தன் அப்பனுக்காக ஸ்பேனர் பிடித்திருக்கிறது.

அடுப்படியிலிருந்து மெஹர் குரல் கொடுத்தாள். "உங்க முகம் வாடிரும்னுதான் தம்பி அப்படி செஞ்சுச்சு. புள்ளையப் போட்டு வையாதீங்க." கட்டினவளும் உன் கட்சிதான்.

நான் திட்டவில்லை. முதன்முதலாக விழாமல் ஓட்டியது எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டேன். அழுகையை மறந்து சொன்னாள். நீ பின்னால் பிடிக்கவே இல்லையாம். கையை நீட்டிக்கொண்டு அவளுக்கு எதிரே, பின்பக்கமாகவே நடந்து போனாயாம், "எங்கிட்ட வா, எங்கிட்ட வா" என்று. அவள் நேராகக் கொண்டுவந்து உன் மேல் மோதினாளாம்.

அந்த நேரம் அவள் பார்த்துக்கொண்டு வந்தது உன் முகத்தை. அதுதான்டா எனக்கு வயிறெரிகிறது. அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். வேறு என்ன கேட்டேன் உன்னிடம்? கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா? நீ பொறுத்திருந்தால் அவள் எட்டு வயது வரைக்கும் நாலு சக்கரத்தோடு சுற்றியிருப்பாள், அதுவும் தெரிகிறது. தெரிந்தும் எரிகிறது.

இனி உன் மகள் சேதி. சஃபாவுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. அந்தச் சிவப்பு சைக்கிள் நஸ்ரினுக்குச் சின்னதாகிப்போனதால் அவளிடம் கொடுத்தேன், சைடு வீலை மாட்டித்தான் கொடுத்தேன். நாலே நாளில் வந்து நின்றாள். "பெரியத்தா, இதக் கழட்டி வுடுங்க."

முடியாது என்றேன். அடம் பிடித்தாள், அழுதாள், நான் மசியவில்லை. அது உன் வேலை, சாதிக். நீ வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கை போகவில்லை. உன் ஹசீனா இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கதவோரம் நின்று கேட்டாள். "யாரு வரட்டும்னு வச்சிருக்கீங்க, மச்சான்?"

அன்று அஸர் தொழுதுவிட்டு வந்து கழட்டினேன்.

உன்னைப்போல எதிரே நடக்க எனக்கு மனசு வரவில்லை. அது உன் வித்தை, நீயே வைத்துக்கொள். நான் சீட்டைப் பிடித்துக்கொண்டுதான் ஓடினேன். இரண்டு நாள் என் இடுப்பு ஒடிந்தது, உன் மகள் லேசான ஆளில்லை. மூன்றாம் நாள் சைக்கிள் கொஞ்சம் நேரே போனதும் கையை எடுத்துவிட்டேன். அவளுக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்காமல் கத்தினாள்.

"அத்தா, வுட்றாதீங்க."

பெரியத்தா இல்லை. வெறும் அத்தா.

பத்தடி பின்னால் வெறுங்கையோடு நின்றுகொண்டு, "வுடலம்மா, புடிச்சிருக்கேன்" என்றேன்.

நான் அவளைத் திருத்தவில்லை. அந்த வார்த்தை உனக்கு வந்திருக்க வேண்டியது, நான் வாங்கிக்கொண்டேன். வாங்கியபோது சந்தோஷமாகக்கூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் திடலிலேயே உட்கார்ந்து அழுதேன். உனக்கு எரிகிறதா? எரியட்டும். உயிரோடு இருந்தால் எரிந்திருக்கும்தானே.

இன்னும் பன்னிரண்டு நாளில் குவைத்துக்குக் கிளம்புகிறேன். அதற்குள் ஒரு வாக்கு. என் மனசு நோகக் கூடாது என்று நீ என்னிடம் மறைத்தாய். நான் உன்னிடம் மறைக்க மாட்டேன். சஃபா குர்ஆன் ஓதி முடிப்பதானாலும் சரி, அவள் நிக்காஹ் ஆனாலும் சரி, உனக்கு வர வேண்டியது எது என் கைக்கு வந்தாலும், அடுத்த லீவில் இறங்கியதும் உன் கபுருக்கு வந்து ஒன்று விடாமல் சொல்லுவேன். நீ நொந்துபோனாலும் சொல்லுவேன்.

இப்படிக்கு,
உன் பிள்ளைக்குப் பெரியத்தா மட்டுமேயான,
உன் அண்ணன்.