கண்ணாடியில் பார்க்காத படம்

அன்பு மாப்ள அர்த்தனாரிக்கு,

நீ போய்ச் சேர்ந்து ஆறு மாசம் ஆகிறது. ஒரு நாள்கூட கனவில் வரவில்லை. வந்தால் மச்சான் மூக்குப்பொடி கேட்பான் என்று அங்கேயும் டப்பியை மடியில் ஒளித்து வைத்திருக்கிறாயா? ஊர் முன்னால் உன்னை ‘வாங்க மாப்ள’ என்பேன், ஆள் நகர்ந்ததும் ‘வாடா’ என்பேன். இப்போது இரண்டையும் சொல்ல ஆள் இல்லை.

கேலி போதும். எனக்குப் பயமாக இருக்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன். மூணாங்கிளாசோடு நின்றவன் எழுத்து. தப்பையெல்லாம் நம் பத்திரிகை ஆசிரியர் அய்யா இது அச்சுக்குப் போகும்போது திருத்திக்கொள்வார். பயத்தை மட்டும் திருத்த வேண்டாம் என்று அவரிடம் சொல்லப் போகிறேன்.

நாமக்கல்லில் மறுபடியும் எலெக்சன். நம் ஜமீன் மிட்டாதார் மறுபடியும் நிற்கிறார். போன தடவை ஊருக்கு ஊர் பந்தி போட்டார். இந்தத் தடவை ரேஷன் அரிசி, பந்திக்கு வழியில்லை. மோட்டார் வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு வந்து காதுக்குச் சோறு போடுகிறார்கள். ஆசிரியர் அய்யா என்னைக் கூப்பிட்டு, “நல்லமுத்து, ஒரு படம் போட்டுக் குடுங்க. பேரு போடாட்டியும் பரவால்ல” என்றார். “ஆகட்டுங்க” என்று வாய் சொன்னது. கை துண்டுக்குள் போய்ப் புகுந்துகொண்டது.

எதனால் என்று உனக்குத் தெரியும். பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பொய். அதனால் ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். நீ குறுக்கே பேசாமல் கேள்.

நான் வண்டிக்கும் கோயில் சுவருக்கும் வர்ணம் அடிக்கிறவன். நீ என் தங்கை பாவாயியின் புருஷன், அச்சாபீசில் மரக்கட்டையில் படம் செதுக்குகிறவன். பத்திரிகைக்கு நான் வரைவேன், நீ வெட்டுவாய். கட்டையில் இருப்பது காகிதத்தில் திரும்பி விழும், வலம் இடமாகும். அதனால் எண்ணெய்க் காகிதத்தில் வரைந்து, புரட்டிப் போட்டுத்தான் கட்டையில் ஏற்றுவேன். ஏற்றின பிறகு கட்டையைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்துப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் சரியாகத் தெரிந்தால் அச்சிலும் சரியாக விழும். அது நீ வைத்த சட்டம்.

போன எலெக்சனில் ஒரு வாரம் மிட்டாதாரின் பந்தியைத்தான் வரைந்தேன். ஓட்டுக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் இருக்கும் இலை ஓர் ஓட்டுச் சீட்டு. மிட்டாதார் ஒரு கையால் சோறு போட்டுக்கொண்டே மறு கையால் இலையை நுனியிலிருந்து சுருட்டுகிறார். ‘சாப்பிடுங்க சாமி, இலையை நான் எடுத்துக்கறேன்’ என்று அடியில் எழுத்து. நீ அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பொடி பறந்து என் கண்ணில் விழுந்தது, நினைவிருக்கிறதா?

ஓட்டு நெருங்கிவிட்டது, நேரமில்லை. எண்ணெய்க் காகிதத்தைத் தேடச் சோம்பல். நேராகக் கட்டையிலேயே வரைந்து கொடுத்துவிட்டேன்.

“மச்சான், கண்ணாடியில பாத்தியா?” என்று கேட்டாய்.

“பாத்தாச்சுடா, நீ வெட்டு.”

நான் பார்க்கவில்லை, மாப்ள. கண்ணாடி ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. எட்டி எடுத்திருந்தால் போதும். நீயோ கோடுகளைப் பார்ப்பவன், ஆளைப் பார்ப்பவன் இல்லை. வெட்டிக் கொடுத்துவிட்டாய்.

அச்சில் வந்தபோது மிட்டாதார் இடது கையால் சோறு போட்டார். பந்தியில் இருந்த அத்தனை பேரும் இடது கையால் தின்றார்கள்.

சோறு போட்டவருக்குக் கோபமே வரவில்லை. தின்றவர்களுக்குத்தான் வந்தது. அந்தப் பந்திகளில் உட்கார்ந்தவர்கள் வரி கட்டுகிற பண்ணையக்காரர்கள், எங்கே போனாலும் மரியாதைக்கு முன்வரிசையில் உட்காருகிறவர்கள். சேலத்திலிருந்து வரும் மிட்டாதாரின் பத்திரிகை நம் படத்தை அப்படியே எடுத்துப் போட்டு, ‘உங்களைப் பீச்சாங்கையால் தின்கிறவர்கள் என்கிறார்கள்’ என்று எழுதியது. அது கட்டையில் நேர்ந்த பிழை என்று நம் ஆசிரியர் பதில் எழுதினார். யார் நம்புவார்கள்? மிட்டாதார் போகிற இடமெல்லாம் அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டினார். அவரைக் கவிழ்க்க வரைந்த படம் அவருக்கே ஓட்டு வாங்கித் தந்தது.

ஓட்டுக்கு மறுநாள் காலையில், பந்தியில் உட்கார்ந்தவர்களில் நாலு பேர் அச்சாபீசுக்கு வந்தார்கள். நான் உள்ளே காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் இருந்தேன். அவர்கள் குரல் கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன்.

“யார்ரா அந்தப் படத்த வரைஞ்சவன்?”

“நாந்தானுங்க. வரைஞ்சதும் நாந்தான், வெட்டுனதும் நாந்தான்” என்றாய் நீ.

“எந்தக் கையில வரைஞ்ச?”

“சோத்துக் கையிலதானுங்க. பீச்சாங்கையில வரையறதுக்கு நான் என்ன உங்க பந்தியிலயா உக்காந்தேன்?”

அந்த வாய் உன்னுடையது இல்லை, மாப்ள. என்னோடு பழகி வந்த வாய். அந்த நேரத்திலா அது வர வேண்டும்?

“அப்படியா? இனி நீயும் அப்படியே தின்னு.”

நான் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. உன் வலது கையை மேசைமேல் வைத்து, அந்தப் படக்கட்டையாலேயே அடித்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். நாலு விரல். நீ ஒரு தரம் கத்தினாய். என் பேரைச் சொல்லிக் கத்தவில்லை.

அதற்கப்புறம் உயிரோடு இருந்தவரை நீ இடது கையால்தான் சாப்பிட்டாய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து. எந்த விசேஷத்திலும் பந்தியில் உட்காரவில்லை. என் பேத்தி கல்யாணத்துக்குக்கூட வாசலில் நின்று மொய் எழுதிவிட்டுப் போனாய். ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று ஒரே ஒரு தரம் கேட்டேன். “கட்டை எங்கையிலதான மச்சான் இருந்துச்சு? நானும் ஒருக்கா கண்ணாடியில பாத்திருக்கலாமுல்ல” என்றாய். நான் பார்த்ததாகச் சொன்ன பொய் உனக்குத் தெரியும். அதை நீ வாயில் எடுக்கவே இல்லை.

எனக்கு இன்னொரு பயமும் உண்டு. உன்னைக் கோழி வரையச் சொன்னால் பூசணிக்காய்தான் வரும். இது ஊருக்கே தெரியும். ஒரு கரித்துண்டைக் கையில் கொடுத்திருந்தால் அந்த நாலு பேருக்கும் விளங்கியிருக்கும். உன்னோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தின பாவாயிக்கு இது தோன்றவே இல்லையா? தோன்றியும் கேட்கவில்லையா? உன்னைப் பார்த்து, “வெட்டற கைக்கு வரையற வேல எதுக்குங்க?” என்று அவள் அழும்போதெல்லாம் நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அவள் அழுது முடித்து, உன் வீட்டோடு ஒட்டிக்கொண்ட எனக்கும் சோறு போடுவாள். சாப்பிட்டேன், வலது கையால்.

நேற்று மிட்டாதார் நம் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தார். வெயிலுக்குத் துணிக்குடை, கழுத்தில் மாலை. எல்லோரையும் கும்பிட்டுவிட்டு முன்னால் போனார். கூட வந்தவர்களில் ஒருவன் மட்டும் நின்றான். அச்சாபீசில் கேட்ட குரல், எனக்குத் தெரிந்துவிட்டது.

“பெரியவரே, இன்னும் வர்ணம் அடிக்கறீங்களா?”

“எங்கீங்க சாமி, கை நடுங்குதுங்க. சோறு அள்ளத்தான் ஆகுது.”

“அதுக்காச்சும் இருக்கட்டும்” என்று சிரித்தான். என் வலது கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவி விட்டுவிட்டுப் போனான்.

யார் சொன்னார்களோ, வரைந்தவன் நான் என்று தெரிந்திருக்கிறது. நான் திரும்பினேன். பின்னால் பாவாயி முறத்தோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

“ஏனுங்ண்ணா, அந்த ஆளு எதுக்கு உங்க கையப் பாத்துட்டுப் போறான்?”

“வயசாச்சில்ல அம்மிணி, நடுங்குதான்னு பாத்தான்.”

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். மாப்ள, அந்தத் தடியன் விரலை ஒடித்தால் ஒரு சத்தத்தோடு முடிந்துவிடும். இவள் பார்வைக்கு நான் எங்கே போவது? அவள் என்னை வெளியே போ என்று சொன்னால், இந்தக் கிழவனுக்கு வேறு வீடு ஏது?

இன்றைக்குக் காலையில் உட்கார்ந்து படம் வரைந்துவிட்டேன். அதே பந்திதான். இலைக்கு முன்னால் ஆள்கள் இருக்கிறார்கள், சோறு இல்லை, ஒலிபெருக்கியிலிருந்து காற்றுதான் விழுகிறது. அதே கைகள்தான் இலையைச் சுருட்டுகின்றன. வரிசைக் கடைசியில் ஓர் ஆள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். அவன் மட்டும் இலையில் இடது கையை வைத்திருக்கிறான். இந்தத் தடவை அது பிழை இல்லை. கை நடுங்கியதால் கோடு கொஞ்சம் ஆடியிருக்கிறது. நீ இருந்தால் வெட்டும்போது நேர் செய்திருப்பாய்.

ஆணியிலிருந்து கண்ணாடியை எடுத்துக் கட்டையைக் காட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. கட்டைக்கு மேலே என் மூஞ்சியும் தெரிந்தது. அதைத்தான் பார்க்க முடியவில்லை.

உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இது. பாவாயிக்குப் படிக்கத் தெரியாது. பத்திரிகை வந்து தெருவில் யாராவது படித்து அவள் காதில் விழும்படி விட மாட்டேன். நாளைக் காலையில் அவள் அடுப்பு மூட்டும் முன்னால், இந்தக் காகிதத்தை முதல் வரியிலிருந்து நானே அவளுக்குப் படித்துக் காட்டுவேன். பொடிக் கேலியைக்கூட விட மாட்டேன். அவள் சோறு போட்டாலும் போடாவிட்டாலும், அப்புறம் அச்சாபீசுக்கு நடந்து போய்க் காகிதத்தையும் கட்டையையும் கொடுப்பேன். படத்தின் மூலையில் என் பேர் முழுசாக இருக்கும். அந்த நாலு பேரும் வந்தால் காகிதக் கட்டுக்குப் பின்னால் உட்கார மாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. உட்கார்ந்தாலும் பேர் வெளியே நிற்கும், மாப்ள.

பாவாயியின் அண்ணன்,
உன் கைக்குக் கடன்பட்ட மச்சான்,
நல்லமுத்து