இன்னும் நூறு அடி

தொரப்பள்ளி
4-3-1987

அன்புள்ள தம்பி ராமப்பனுக்கு, அக்கா கெம்பம்மா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. கிணறு வற்றி இரண்டு மாதமாகிறது. போர் போட்டோம். இருநூறு அடி போயும் பொடிதான் பறக்கிறது, ஈரமே இல்லை. உன் மாமா, “போதும் புள்ள, கம்பெனிக்காரன் கேக்கறான், பூமியக் குடுத்துட்டுப் போயிரலாம்” என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. அரியலூரில் சுண்ணாம்புக்கல் தேடிப் பூமியைத் துளைப்பவன் நீ. நிறுத்தவா, இன்னும் இறக்கவா? பொங்கலுக்குத்தான் வரவில்லை, பதிலாவது போடு.

உன் அக்கா
கெம்பம்மா

அரியலூர்
9-3-1987

அன்புள்ள அக்காவுக்கு,

நிறுத்தாதே. ஒரு காலத்தில் இந்த இடம் கடலாம். சேறும் மணலும் படிந்து படிந்து அடுக்கடுக்காகக் கல்லாகிவிட்டது. நான் எடுக்கிற கல்லிலேயே சிப்பி இருக்கிறது! சுண்ணாம்புக்கல்லைத் தாண்டினால் மணற்கல், அதில் தண்ணீர் கொப்பளிக்கும். எட்டு வருஷமாகப் பார்க்கிறேன், மேல் அடுக்கு காய்ந்தாலும் கீழ் அடுக்கு கைவிடாது. இன்னும் நூறு அடி போடு. நான் சொன்னதாக மாமாவிடம் சொல். போரிலிருந்து வரும் கல்லில் கொஞ்சம் அனுப்பு, ஆபீசரிடம் காட்டுகிறேன்.

அன்புத் தம்பி
ராமப்பன்

அரியலூர்
2-4-1987

அக்கா,

கல் வந்தது. ஆபீசர் பரமசிவம் சார் பார்த்ததும் சிரித்துவிட்டார். “இதுல ஏதுய்யா அடுக்கு? இது கடல்ல படிஞ்சதில்ல, பூமிக்குள்ள வெந்து இறுகினது. வெடிப்பு இருந்தா தண்ணி, இல்லேன்னா எவ்வளவு போனாலும் இதே கல்லுதான்” என்றார். எனக்குத் தெரிந்த கல்தான் எல்லா ஊரிலும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். தொரப்பள்ளியிலேயே பிறந்தவன் நான், வெட்கமாக இருக்கிறது. உடனே நிறுத்து. தந்தியும் கொடுத்திருக்கிறேன்.

ராமப்பன்

தொரப்பள்ளி
8-4-1987

தம்பி,

தந்தி வந்தபோது போர் லாரி போய்விட்டது. முந்நூறு அடியும் அதே பொடிதான். மாமா வேண்டாம் வேண்டாம் என்றார். நான்தான் உன் கடிதத்தைப் படித்துக் காட்டி, காளைகளை விற்க வைத்தேன்.

போன வாரம் பூமியைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். “உன் தம்பி பேரு இனி என் காதுல வுழக்கூடாது” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். வெள்ளிக்கிழமை பெங்களூருக்குப் போகிறோம், கட்டட வேலைக்கு. விலாசம் எழுதமாட்டேன், தேடி வராதே.

நீ பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் வாய் வலிக்கத் திட்டிவிட்டு, மறுபடி உன்னோடு பேசியிருப்பேன். நல்லது நினைத்துச் சொன்னவனை எப்படித் திட்டுவது, திட்டித் தீர்க்காமல் எப்படிப் பேசுவது?

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா