நடுவில் ஒரு வரி இல்லை

பிப்ரவரி 9

மகப்பேறு அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைமை மருத்துவர் அவர்களுக்கு,

வணக்கம். ஆறு வருடங்களுக்கு முன்பு உங்கள் மருத்துவமனையில் எனக்குப் பிரசவம் நடந்தது. குழந்தையை எடுத்த கையோடு கர்ப்பப்பையையும் எடுத்தீர்கள். இப்போது எனக்குப் பித்தப்பையில் கல் இருக்கிறதாம். அதை எடுக்கப்போகும் இந்த ஊர் டாக்டர், முந்தைய ஆபரேஷனின் குறிப்புகள் முழுவதையும் கேட்கிறார். நகல் அனுப்பி உதவவும்.

போனில் அழைக்க வேண்டாம். தபால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் நோயாளி

பின்குறிப்பு: மகள் வாலு நன்றாக இருக்கிறாள். நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் நானே எழுதிவிட்டேன். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன.


பிப்ரவரி 14

என் சின்னுவுக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதத்தை எங்கள் பெரிய சிஸ்டர்தான் பிரித்தார். "டாக்டரம்மா, யாரோ பேஷன்ட் கொஞ்சம் கோவமா எழுதியிருக்காங்க" என்று கொண்டுவந்து நீட்டினார். கையெழுத்தைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, கீழே நாற்காலி இருந்தது.

ஆறு வருடத்தில் உன்னிடமிருந்து வரும் முதல் கடிதம். அதில் போய் "நீங்கள்" என்று எழுதியிருக்கிறாயே! என் பள்ளிக்கூட டீச்சர் எதிரிலேயே என்னை "ஏய் அக்கா" என்று கூப்பிட்டவள் நீ. சரி, கோபத்திலாவது மரியாதை கிடைத்ததே.

வாலுவுக்குப் பல் விழுந்த செய்தி எனக்கு முன்பே தெரியும். மாப்பிள்ளை அவ்வப்போது போட்டோ அனுப்புகிறார். அவரைத் திட்டாதே.

குறிப்புகளின் நகல் இத்துடன் இருக்கிறது. பித்தப்பை ஆபரேஷனுக்குப் பயப்படாதே. முன்பு ஒரு முறை நிறைய இரத்தம் போனது என்பதை மட்டும் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் மறக்காமல் சொல்.

இங்கே எப்போதும் போலத்தான். காலை ஓபியில் எழுபது பேர், பிறகு ஆபரேஷன் தியேட்டர். போன வாரம் அறுபது வயதை நெருங்கும் ஒரு அம்மா வந்தார். கர்ப்பப்பை கீழே இறங்கி வந்திருக்கிறது. பதினொரு வருடமாக யாரிடமும் மூச்சு விடவில்லை. "தும்மல் வந்தாக்கூட பயமா இருக்கும் டாக்டர். சிரிக்கறதையே விட்டுட்டேன்" என்றார். அதைத் தாங்கிப் பிடிக்க உள்ளே ஒரு வளையம் வைத்தேன். ஐந்து நிமிட வேலை. எழுந்து நின்றவர், வேண்டுமென்றே ஒரு முறை பலமாக இருமிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் சிரித்தார் பார், வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லி எவ்வளவு நாளாகிறது.

பிரியமுள்ள,
அக்கா


பிப்ரவரி 23

அக்கா அவர்களுக்கு,

நகல் கிடைத்தது. நன்றி.

இருமிப் பார்த்த அம்மாவைப் படித்துச் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

நான் இன்னும் அதே அச்சகத்தில்தான் பிழை திருத்துகிறேன். பன்னிரண்டு வருடமாகிறது. கையில் எந்தத் தாள் கிடைத்தாலும் பேனாவைத் திறக்காமல் படிக்க முடியவில்லை. உங்கள் குறிப்பில் எழுத்துப்பிழை இரண்டு. அவற்றை விட்டுவிடலாம். வேறொன்று இருக்கிறது.

11.20: "கர்ப்பப்பை சுருங்கவில்லை. இரத்தப்போக்கு நிற்கவில்லை. மருந்துகள் கொடுக்கப்பட்டன."

அடுத்த வரி 11.38: "கர்ப்பப்பையை அகற்ற முடிவு."

பதினெட்டு நிமிடம். நடுவில் ஒரு வரி இல்லை. அச்சுக்கு வரும் பிரதியில் இப்படி இருந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவேன். இங்கே உள்ள டாக்டரிடம் காட்டினேன். "நடுவுல ரத்தத்தை நிறுத்த ஒரு தையல் போட்டுப் பாத்திருப்பாங்கம்மா. அவசரத்துல எழுத விட்டுப்போயிருக்கும்" என்றார்.

போட்டீர்களா?

இப்படிக்கு,
சின்னு


மார்ச் 1

அன்புள்ள சின்னுவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

நீ கேட்டதற்கு விளக்கம் எழுதுகிறேன். பிரசவத்துக்குப் பிறகு ஏற்படும் கடுமையான இரத்தப்போக்கில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். உனக்கு இரண்டு லிட்டருக்கு மேல் போயிருந்தது. பிபி அறுபதுக்கு இறங்கியது. கைவசம் நான்கு பை இரத்தம்தான். இப்படிப்பட்ட நிலையில் கர்ப்பப்பையை அகற்றுவது எல்லா நாட்டிலும் ஏற்றுக்கொண்ட சிகிச்சை. குறிப்பு எழுதுகிறவர்களும் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பார்கள். எல்லாவற்றையும் எழுத முடியாது.

நீ பிழைத்தாய், குழந்தை பிழைத்தது. ஆறு வருடமாக நான் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து ஒன்றுக்கும் பதில் இல்லை. நான் ஒரு வார்த்தை கேட்டேனா? பித்தப்பை ஆபரேஷனை என்றைக்கு வைத்திருக்கிறார்கள்? அதை எழுது.

அன்புடன்,
அக்கா


மார்ச் 8

அக்கா,

ஒரு வரி கேட்டேன், ஒரு பக்கம் வந்திருக்கிறது. என் வேலையில் இதைத் தினமும் பார்க்கிறேன். எழுதுகிறவருக்குச் சொல்ல விருப்பமில்லாத இடத்தில்தான் வாக்கியங்கள் இப்படி விறைத்துக்கொண்டு நிற்கும்.

எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன். கண் விழித்தபோது இவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். குழந்தைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். "இல்ல, இல்ல, அது நல்லாருக்கு" என்றார். வேறு என்ன என்று சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. மூன்றாம் நாள் நீங்கள் வந்தீர்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் ஃபைலோடு. வரிசையில் எனக்கு முந்தைய கட்டிலில் பேசிய அதே குரலில் என்னிடமும் பேசினீர்கள். "இனிமே கர்ப்பம் தரிக்க முடியாது. மத்தபடி எல்லாரையும் போல இருக்கலாம்." அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டீர்கள்.

எனக்கு மூன்று குழந்தைகள் வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். அது போனதற்கு அழுதேன்தான். ஆனால் அன்று அந்தக் கட்டிலில் கிடந்தபோது எனக்கு வேண்டியிருந்தது அக்கா. வந்தது டாக்டர்.

தையல் போட்டீர்களா, இல்லையா?

சின்னு


மார்ச் 19

சின்னு,

போடவில்லை.

நீ கேட்ட வரி அதுதான். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

அன்று வியாழக்கிழமை. எங்கள் பிரிவின் இன்னொரு சீனியர் டாக்டர் பக்கத்து தியேட்டரில் ஒரு வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். உனக்குக் காத்திருக்க நேரமில்லை. குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டே இருந்தது. சொந்தக்காரர்கள்மேல் கத்தி வைக்கக் கூடாது என்று ஜூனியர்களுக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள் நான். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். 11.08க்கு வாலு வந்தாள். வீல் என்று கத்தினாள். அதுவரை எல்லாம் சரி.

பிரசவமானதும் கர்ப்பப்பை கல் மாதிரி இறுகிக்கொள்ள வேண்டும். இறுகினால்தான் இரத்தக் குழாய்கள் மூடும். உன்னுடையது ஈரத் துணி மாதிரி என் கையில் கிடந்தது. பிசைந்தேன். மருந்து ஒவ்வொன்றாக ஏறியது. கேட்கவில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். பொட்டலத்தைக் கட்டுவதுபோல மேலிருந்து கீழாகச் சுற்றி ஒரு தையல் போட்டு இறுக்க வேண்டும். அதற்கு முன் பதினான்கு பேருக்குப் போட்டிருக்கிறேன். பதினொரு பேருக்கு நின்றிருக்கிறது. என் ஜூனியர் ஊசியில் நூலைக் கோத்து நீட்டிவிட்டாள். "மேடம், போடலாமா?"

அப்போது மயக்க மருந்து டாக்டர் "பிபி அறுபது" என்றார். படுத்திருப்பவரின் முகம் எங்களுக்குத் தெரியாதபடி நடுவில் துணி கட்டியிருப்பார்கள். நான் அதைத் தாண்டி எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. உன் உதடு தாள் மாதிரி வெளுத்திருந்தது.

தையல் போட்டு, நிற்கிறதா என்று பார்க்கப் பத்து நிமிடமாவது வேண்டும். வேறு ஒருத்தி படுத்திருந்தால் அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுத்திருப்பேன். நீ என்பதால் என்னால் முடியவில்லை. "வேண்டாம், எடுத்துடலாம்" என்றேன்.

ஜூனியர் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க, நான் கதவுவரை வந்து மாப்பிள்ளையிடம் சொன்னேன். "வேற வழியே இல்லையாக்கா?" என்று கேட்டார். "இல்ல" என்றேன்.

தையல் போட்டிருந்தால் நின்றிருக்குமா? தெரியாது. நிற்காமல் போயிருந்தால் வாலுவுக்கு அம்மா இருந்திருப்பாளா? அதுவும் தெரியாது. நான் செய்தது தப்பு என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். ஆனால் கதவருகே சொன்னது பொய். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு அக்காவாக உன் கட்டிலுக்கு வர முடியாது, சின்னு. இரண்டு நாள் வராந்தா வரைக்கும் வந்து திரும்பினேன். மூன்றாம் நாள் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தேன்.

உன் முதல் கடிதம் வருவதற்குச் சில நாள் முன்பு, துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு இதேபோல் ஆயிற்று. இருபத்து மூன்று வயது, முதல் குழந்தை. மத்தியானச் சாப்பாட்டு நேரம். தையல் போட்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். என் முதுகெல்லாம் வேர்த்து வழிந்தது. இரத்தம் நின்றது. ஐந்தாம் நாள் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவள் குடும்பம் முழுக்க வந்து நன்றி சொன்னது. நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்டு எழுதி மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டேன். நீ உயிரோடு இருப்பதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வரவில்லை. பொய்க்குக் கேட்கிறேன். கோட்டுக்குக் கேட்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 17

சின்னு,

பதில் எழுத வேண்டும் என்று வற்புறுத்தவில்லை. ஆபரேஷன் முடிந்ததா என்று மாப்பிள்ளையை ஒரு வரி எழுதச் சொன்னால் போதும். எண்ணெய்ப் பலகாரம் பக்கம் கொஞ்ச நாள் போகாதே. கனமான எதையும் தூக்காதே. வாலு வந்து மேலே குதித்தால் தலையணையைக் குறுக்கே வைத்துக்கொள்.

அக்கா


மே 22

அக்கா,

கல்லை எடுத்தாகிவிட்டது. மூன்று கல், கடுகு அளவு. இதற்கா இத்தனை வலி என்று டாக்டரோடு சண்டை பிடித்தேன்.

உன் கடிதம் வந்த அன்று அச்சகத்துக்கு லீவு போட்டேன். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். இவர் வந்ததும் அதை முகத்தில் எறிந்தேன். படித்துவிட்டு மடித்து வைத்தார். "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். "என்ன தெரியும்?" என்றேன். "இல்லன்னு சொன்னப்ப அக்கா என் முகத்தைப் பாக்கல. அப்பவே ஏதோ இருக்குன்னு தோணுச்சு. ஆனா நான் மறுபடி கேக்கல. கேட்டு, அவங்க சரின்னு வேற ஏதாவது செஞ்சு பாத்து, நீ போயிருந்தா? அந்தப் பயத்துல நானும் கையெழுத்துப் போட்டுட்டேன்." ஆக, ஆறு வருடமாக எனக்குத் தெரியாமல் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரோடும் ஒரு மாதம் பேசவில்லை. அவர் பக்கத்திலேயே இருப்பதால் அவர் பாடு கொஞ்சம் கஷ்டம்தான்.

போன செவ்வாய்க்கிழமை நான் உன் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உனக்குத் தெரியாது. மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்தேன், உன்னை நேரில் பார்த்து ஒரு மூச்சுக் கத்திவிட்டுப் போக. எல்லோரையும் போல டோக்கன் வாங்கினேன். நாற்பத்தொன்று. மாஸ்க் போட்டுக்கொண்டு உன் அறைக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

முப்பத்தாறாம் நம்பர் பெண் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். என்ன செய்வது என்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அதற்குள் கதவைத் திறந்துகொண்டு நீயே வந்தாய். அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாய். நடுவில் அவள் மட்டும்தான். தலையெல்லாம் எப்போது இப்படி நரைத்தது?

"நான் உள்ள சொன்னது உங்களுக்குப் புரியலன்னு தோணுச்சு. மறுபடி சொல்றேன்" என்றாய். "கட்டி பெரிசு. கர்ப்பப்பையை வெச்சுக்கிட்டே கட்டியை மட்டும் எடுக்க முடியுமான்னு பாக்கலாம். முடியலன்னா, என்ன ஆச்சுன்னு உங்ககிட்டதான் முதல்ல சொல்வேன். வீட்டுக்காரர்கிட்ட இல்ல."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீங்க என் எடத்துல இருந்தா என்ன செய்வீங்க டாக்டர்?" என்று கேட்டாள்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"உங்க எடத்துல நான் இல்லம்மா" என்றாய். "நெனச்சுப் பாக்கவும் கூடாது. அப்படி நெனச்சு ஒருத்தருக்கு ஒண்ணு செஞ்சுட்டேன். நீங்க சொல்லுங்க. அவசரமே இல்ல."

வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பெரிய சிஸ்டர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். நீ எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண் பேசினாள், நிறுத்தினாள், மறுபடி பேசினாள். நீ கேட்டுக்கொண்டே இருந்தாய்.

நாற்பத்தொன்று என்று கூப்பிட்டபோது எழுந்தேன். கால் அறைப் பக்கம் போகவில்லை, படிக்கட்டுப் பக்கம் போனது. இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்கள். கீழ் வாசல்வரை கேட்டது. கத்துவதற்காகக் கொண்டுவந்தது எதுவும் என்னிடம் மிச்சமில்லை. பஸ்ஸில் வீடு வரைக்கும் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்தார்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. சில நாள் காலையில் எழுந்ததும் கோபமாகவே இருக்கிறது. அப்படித்தான் இருக்கும்போல. அதோடுதான் வருவேன், பொறுத்துக்கொள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வாலுவையும் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வருகிறோம். பத்து மணிக்கு பஸ் வந்துவிடும். இரண்டு வாரமாக அவள் என்னை ஒரே கேள்வி கேட்டுக் குடைந்துகொண்டிருக்கிறாள். தான் பிறந்தபோது எப்படி இருந்தாள், முதலில் அழுதாளா, சிரித்தாளா, முடி இருந்ததா என்று. நான்தான் மயக்கத்தில் கிடந்தேனே, எனக்கு என்ன தெரியும்?

"உன்னை முதல்ல கையில வாங்குனது உன் பெரியம்மாதான். அவங்ககிட்டயே கேட்டுக்கோ" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்,
சின்னு